காது அடைத்தால் அழுக்கு என்று முடிவு கட்டுவதற்கு முன்

பினாங்கில் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருக்கிறேன். டாக்டர் அறைக்குள் போவதற்கு முன் நோயாளி உட்காருவது என் மேசைக்கு எதிரேதான். பேரையும் ஐசி (அடையாள அட்டை) நம்பரையும் எழுதி முடிப்பதற்குள் பலரும் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள்: “காது அடைச்ச மாதிரி இருக்கு மிஸ்ஸி. அழுக்காத்தான் இருக்கும். கழுவி விட்டுட்டா சரியாயிடும்.”

பல சமயம் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அதே அடைப்பு அழுக்கினாலும் வரும், பூஞ்சையாலும் வரும், செவிப்பறைக்குப் பின்னால் தேங்கும் நீராலும் வரும், நரம்பு செத்துக்கொண்டிருந்தாலும் வரும், மூக்குக்குப் பின்னால் கட்டி வளர்ந்தாலும் வரும். இதில் ஒன்றிரண்டு நமக்காகக் காத்திருக்காது. எது இன்றைக்கே போக வேண்டியது, எது அடுத்த வாரம் போனால் போதும், எது மருந்துக்கடையோடு முடிந்துவிடும் என்று வீட்டில் இருந்தே பிரித்துப் பார்க்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். வைத்தியம் டாக்டர் கையில்.

முதலில் கேள்வி, அப்புறம்தான் டார்ச்

காதைப் பார்க்கும் ஆசையில் எல்லோரும் முதலில் போன் லைட்டைத்தான் தட்டுகிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. கேட்டே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

எப்போது தொடங்கியது? “கொஞ்ச நாளா” என்ற பதிலை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. நேற்றுக் காலை எழுந்தபோதா, சளி பிடித்த வாரத்திலா, தைப்பூசத்துக்கு அடுத்த நாளா, இல்லை யாருக்குமே தெரியாமல் வருஷக்கணக்காகவா? ஒரு காதா, இரண்டு காதா? இந்த இரண்டு கேள்விக்கும் ஒழுங்கான பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வரும். வயசானதால் வரும் கேளாமை இரண்டு பக்கமும் மெதுவாக வரும். ஒரு காது மட்டும் மந்தமானால் வயசின் மேல் பழி போட முடியாது. அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது, தேடித்தான் ஆக வேண்டும்.

பிறகு வலி இருக்கிறதா, நீரோ சீழோ வருகிறதா, அரிக்கிறதா, இரைகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். கடைசியாக, பலரும் சொல்லத் தயங்கும் ஒன்று: காதுக்குள் என்ன போட்டீர்கள்? பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், தாய்ப்பால், ஹேர்பின், சேஃப்டி பின், கோழி இறகு, மோட்டார் சைக்கிள் சாவி எல்லாம் கேட்டாயிற்று. திட்டுவதற்காகக் கேட்பதில்லை. சூடு ஆறாத எண்ணெய் பட்டு வெந்த தோலும் கிருமித் தொற்றும் உள்ளே ஒரே சிவப்பாகத்தான் தெரியும். சொன்னால்தான் பிரித்தறிய முடியும்.

திடீரென்று ஒரு காது போனால்

மற்றதெல்லாம் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் எழுந்து போனைக் காதில் வைக்கிறார்; ஒரு பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ‘ங்ஙொய்’ என்று ஓர் இரைச்சல், காது நிறைந்த மாதிரி ஒரு கனம், அவ்வளவுதான். வலி இல்லாததால் யாரும் பதறுவதில்லை. அழுக்கு என்று நினைத்து எண்ணெய் விடுவார்கள். சளி என்று நினைத்துச் சளி மாத்திரை வாங்குவார்கள். சில கிளினிக்குகளிலும் காதுக்குள் பார்க்காமலே அப்படிச் சொல்லி அனுப்பிவிடுவதுண்டு. மூன்று வாரம் கழித்து என் மேசைக்கு வரும்போது டாக்டரால் செய்ய முடிவது குறைந்துபோயிருக்கும்.

உள்காது நரம்பு திடீரென்று செயலிழப்பதைத்தான் இங்கே சொல்கிறேன். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலுக்கு மேல் கேட்கும் திறன் இறங்கினால் அதைத் திடீர் நரம்புச் செவிடு என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலோருக்கு என்ன காரணம் என்று பிடிபடுவதில்லை. சிகிச்சை ஸ்டீராய்டு. முதல் சில நாட்களில் தொடங்குவது நல்லது. இரண்டு வாரம் தாண்டிவிட்டால் பலன் வெகுவாகக் குறைகிறது.

அழுக்கு அடைப்பா, நரம்பா என்று வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. வாயை மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் ‘ம்ம்ம்’ என்று நீளமாக முனகுங்கள். அந்தச் சத்தம் எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறது? முதலில் நல்ல நிலையில் செய்து பழகிக்கொள்ளுங்கள்: இரண்டு காதும் நன்றாக இருந்தால் நடு மண்டையில் கேட்கும். இப்போது ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகுங்கள். சத்தம் அடைத்த காதுக்கே ஓடும். அழுக்கோ நீரோ அடைத்திருந்தாலும் இதேதான் நடக்கும்: கேட்காத காதில்தான் முனகல் பலமாக இருக்கும். நரம்பு போயிருந்தால் நேர்மாறு. முனகல் நல்ல காதுப் பக்கம் போய்விடும்.

கிளினிக்கில் இதையே 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்துச் செய்கிறோம். வெபர் சோதனை என்று பெயர். கூடவே ரின்னே சோதனை: கவையைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்து, பிறகு காதுக்கு எதிரே பிடித்து, எங்கே பலமாகக் கேட்கிறது என்று கேட்போம். காதுக்கு எதிரே பலமாகக் கேட்டால் காற்றுப் பாதை சரி. எலும்பில் பலம் என்றால் வெளிக்காதிலோ நடுக்காதிலோ அடைப்பு. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சோதனைகள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் எந்த டாக்டரும் கைவிடவில்லை. ஆனால் ரின்னேயில் ஒரு பொறி இருக்கிறது. காது முழுக்கச் செத்திருந்தால் எலும்பில் வைக்கும் அதிர்வு மண்டை வழியாக மறுகாதுக்குப் போய்விடும். நோயாளியும் “பின்னால வச்சாத்தான் கேக்குது” என்பார். அடைப்பு என்று ஏமாந்துவிடலாம். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

முனகல் நல்ல காதுக்குப் போனாலோ, எந்தப் பக்கம் என்றே உங்களால் சொல்ல முடியாவிட்டாலோ, அன்றைக்கே கிளம்புங்கள். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கக் கிளினிக்கில், கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். ஆனால் கவுண்டரில் “காதுவலி” என்று எழுதவிடாதீர்கள். “ஒரு காது மட்டும், திடீரென்று, இந்தத் தேதியிலிருந்து கேட்கவில்லை” என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அன்றைக்கே சூராட் ருஜுக்கான் (அனுப்பும் கடிதம்) கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

வெளியிலிருந்து உள்ளே

இப்போது டார்ச். அதற்கும் முன்னால் காதுக்குப் பின்புறம் பாருங்கள். அங்கே சிவந்து வீங்கி, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால், அதுவும் குழந்தைக்குக் காய்ச்சலோடு என்றால், நடுக்காதின் சீழ் எலும்புக்குப் போயிருக்கிறது. நேரே ஆஸ்பத்திரி. காது மடலிலோ துவாரத்திலோ சின்னச் சின்ன நீர்க்கொப்புளமும், அதே பக்கம் வாய் கோணலும் இருந்தால் சின்னம்மை வைரஸ் முகநரம்பைப் பிடித்திருக்கிறது, அதுவும் அன்றைக்கே. மேல்மடலில் குருத்தெலும்பைத் துளைத்துத் தோடு போட்ட இடம் சிவந்து சூடாக வீங்கினாலும் விட்டுவைக்காதீர்கள், மடல் சுருங்கிப்போகும்.

அடுத்து, துவாரத்துக்கு முன்னால் ஒரு சின்னத் திட்டு இருக்கிறதே, அதை மெதுவாக அழுத்துங்கள். மடலைப் பிடித்து இழுங்கள். “ஆ!” என்று துள்ளினால் புண் வெளிக்காதுக் குழாயில் இருக்கிறது. இழுத்தும் வலி கூடவில்லை, ஆனால் உள்ளே விண்விண் என்று தெறிக்கிறது என்றால் செவிப்பறைக்குப் பின்னால் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தப்பாத சோதனை இது, செலவும் இல்லை.

குழாய்ப் புண்ணுக்கு நம் ஊர் தட்பவெப்பம் தாய்வீடு. பத்து ஃபிரிங்கி கடல், கொண்டோ நீச்சல்குளம், நாள் முழுக்கக் காதில் செருகிய இயர்போன், வேர்வை ஊறும் ஹெல்மெட், எல்லாவற்றுக்கும் மேல் காட்டன் பட். ஈரத்தில் ஊறிய தோலைப் பஞ்சால் உரசினால் கிருமிக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரிதான். பூஞ்சை என்றால் வலியைவிட அரிப்புதான் முதலில் வரும். உள்ளே பார்த்தால் ஈரமான வெள்ளைப் பஞ்சுபோல் இருக்கும், மேலே கறுப்புப் புள்ளிகள். இதற்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு விட்டால் பூஞ்சைக்கு இன்னும் கொண்டாட்டம். பழைய பாட்டிலில் மிச்சம் இருந்த சொட்டை விட்டு, “குறையவே இல்லை மிஸ்ஸி” என்று வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த ரகம். குழாயைச் சுத்தம் செய்து பூஞ்சைச் சொட்டு போட்டால்தான் அடங்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தனிக்கதை. நம் இந்தியர் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம். வயதான சர்க்கரை நோயாளிக்குக் காதில் நீர் வடிந்து, ராத்திரியில் தூங்கவிடாத வலி, சொட்டு போட்டும் வாரக்கணக்கில் குறையவில்லை என்றால், கிருமி குழாயைத் தாண்டி மண்டை எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஓர் அம்மா, வலி தாங்காமல் உட்கார்ந்தபடியே விடியும்வரை இருந்ததாகச் சொன்னார். காதை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. இன்சுலின் போடுகிறாரா என்று கேட்டதும்தான் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு உள்ளே பார்க்கத் தொடங்கினார். குழாய்த் தரையில் ஒரு சின்னச் சிவப்புச் சதை. அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். இப்படிப்பட்ட தொற்றுக்குப் பல வாரம் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.

உள்ளே பார்க்கும்போது பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னும் இழுங்கள். கைக்குழந்தைக்குக் கீழும் பின்னும். அப்போதுதான் வளைந்த குழாய் நேராகும். பெரியவர்களுக்குக் குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். போன் லைட்டில் அதன் வாசல் தெரியும், செவிப்பறை தெரியாது. ஆன்லைனில் காமிரா வைத்த காது குடையும் குச்சி விற்கிறார்கள். காமிராவால் பார்ப்பதில் தப்பில்லை. அதன் முனையில் இருக்கும் கரண்டியால் சுரண்டுவதில்தான் வினை. திரையில் ஆழம் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை கையைத் தட்டிவிட்டால் பறை கிழியும்.

அழுக்கு பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும். அது அழுக்கே இல்லை, காது தனக்குத் தானே சுரக்கும் மெழுகு. தானாகவே வெளியே நகர்ந்து வரும். பட் போட்டால் உள்ளே போய் இறுகும். குளித்த பிறகு திடீரென்று அடைத்துக்கொண்டால் இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு, மெழுகு நீரில் ஊதியிருக்கும். மருந்துக்கடையில் ஆலிவ் எண்ணெய்ச் சொட்டோ சோடியம் பைகார்பனேட் சொட்டோ வாங்கி ஐந்து நாள் போட்டுப் பாருங்கள். போகாவிட்டால் கழுவ வாருங்கள். உடல் சூட்டில் இருக்கும் நீரால்தான் கழுவுவோம். குளிர்ந்த நீர் உள்ளே போனால் அறையே சுழலும். முன்பு சீழ் வடிந்த காது, பறையில் ஓட்டை உள்ள காது, ஆபரேஷன் செய்த காது என்றால் சொட்டும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், முதலில் எங்களிடம் சொல்லுங்கள். காதில் மெழுகுவத்தி ஏற்றும் வைத்தியத்தில் வெளியே வருவது அந்த மெழுகுவத்தியின் மெழுகுதான்.

பிள்ளைகள் காது

இரண்டு நாள் சளி, மூன்றாம் நாள் நடுராத்திரி குழந்தை வீரிட்டு அழுது காதைப் பிடித்து இழுக்கிறது. மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் பிள்ளைகளுக்குக் குட்டையாகவும் படுத்தவாக்கிலும் இருப்பதால் சளி சுலபமாக மேலேறும். எடைக்குத் தக்க பாரசிட்டமால் கொடுங்கள். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை, காய்ச்சல் அதிகமில்லை, ஒரு காது மட்டும் என்றால் டாக்டர் இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்பார். ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டு வேறு கிளினிக் தேடாதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே, இரண்டு காதும், அல்லது சீழ் வந்துவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம். அழுதுகொண்டே இருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகி, காலையில் தலையணையில் மஞ்சளாகக் கறை இருந்தால், சீழின் அழுத்தத்தில் பறை கிழிந்து வெளியே வந்துவிட்டது. பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், ஆனாலும் டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் வலியே இல்லாமல் சீழ் வடிந்துகொண்டே இருந்தால் அது வேறு நோய். நாற்றமும் சேர்ந்தால் உள்ளே எலும்பை அரிக்கும் தோல்பை வளர்கிறதா என்று பார்ப்பார்கள்.

வலியே இல்லாத ஒன்றும் உண்டு, அதுதான் பெற்றோரை ஏமாற்றுவது. பறைக்குப் பின்னால் பசைபோல நீர் தேங்கி நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது, முன்னால் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். பள்ளியில் ஆசிரியர், “பையன் கெட்டிக்காரன்தான், கவனம் மட்டும் இல்லை” என்று ரிப்போர்ட்டில் எழுதுவார். அடி வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காதில் ஒரு சின்ன ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றிப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, டிம்பனோகிராம். நல்ல பறைக்குக் கோடு மலைபோல ஏறி இறங்கும். நீர் நின்றால் தட்டையாக ஓடும். ஒரு நிமிஷம் கூட ஆகாது, வலியும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் தானே வற்றிவிடும். வற்றாமல் கேட்பதும் குறைந்தால் பறையில் சின்னக் குழாய் பொருத்துவதைப் பற்றிப் பேசுவார்கள்.

பச்சைப்பிள்ளை என்றால் கணக்கு ஒன்று, மூன்று, ஆறு. ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துவது, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ. மஞ்சள் காமாலை அதிகமாகி, குறைமாதத்தில் பிறந்து, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை என்றால் சோதனை நடந்ததா என்று நீங்களே கேளுங்கள். “நம்ம வீட்ல எல்லாருமே லேட்டாத்தான் பேசினாங்க” என்று மாமியார் சொல்வது சோதனை ஆகாது.

காதில் பட்டன் பேட்டரி போட்டுக்கொண்டால் சொட்டு, தண்ணீர் எதுவும் விடாமல் உடனே எமர்ஜென்சி. சில மணி நேரத்தில் திசுவைச் சுட்டுவிடும். பயறு, கடலை மாதிரி ஊறிப் பெருக்கும் பொருளுக்கும் தண்ணீர் ஊற்றாதீர்கள். உயிருள்ள பூச்சி என்றால் மட்டும், பறை நன்றாக இருப்பது தெரிந்தால், பேபி ஆயில் இரண்டு சொட்டு விட்டு அதைக் கொன்றுவிட்டு வாருங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நீர் தேங்கினால்

பெரியவருக்கு, சளியும் பிடிக்காமல், விமானத்திலும் போகாமல், ஒரு காதில் மட்டும் நீர் தேங்கி வாரக்கணக்கில் போகவில்லை என்றால் டாக்டர் காதை விட்டுவிட்டு மூக்குக்குள் காமிராக் குழாயை விடுவார். “காதுக்கு வந்தேன், மூக்கை எதுக்குப் பாக்குறீங்க?” என்று கேட்காதவர் இல்லை. மூக்குக்குப் பின்னால், நடுக்காதிலிருந்து வரும் குழல் திறக்கும் இடத்தில் வரும் புற்றுநோய் நம் நாட்டில் அரிதில்லை. சீனர்களிடமும் சரவாக் பிடாயூ மக்களிடமும் அதிகம் காணப்படுகிறது, அதற்காக நமக்கு வராது என்று எழுதிக்கொடுக்கவில்லை. காலையில் தொண்டையிலிருந்து வரும் சளியில் ரத்தக்கோடு, கழுத்தில் வலியில்லாத கட்டி, இவையும் சேர்ந்தால் தள்ளிப்போடவே கூடாது.

காது வலிக்கிறது, காதில் ஒன்றுமே இல்லை என்றால் பல், தாடை மூட்டு, தொண்டை என்று தேடுவோம். அந்த நரம்புகள் எல்லாம் ஒரே பாதையில் போவதால் வலி இடம் மாறித் தெரியும். வெற்றிலை பாக்குப் புகையிலை போடும் பாட்டிமார்களுக்கு நான் நாக்கை நீட்டச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தையும் பார்த்துவிடுவேன். மலேசியாவில் வாய்ப்புற்று அதிகம் வருவது நம் இந்தியர்களுக்குத்தான்.

தலைசுற்றல் காதிலிருந்து வருவதாக இருந்தால் நேரத்தைக் கேளுங்கள். படுக்கையில் புரளும்போது ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகச் சுழன்று நின்றால், உள்காதில் இடம் மாறிய சின்னத் துகள்தான். தலையை முறையாகச் சாய்த்துத் திருப்பியே சரிசெய்துவிடுவார்கள். மணிக்கணக்கில் சுழன்று, கூடவே காது அடைத்து இரைந்து கேட்பதும் குறைந்தால் மெனியர் என்ற உள்காது நோய் என்று சந்தேகிப்போம். பேச்சுக் குழறல், கைகால் மரத்தல் இருந்தால் காது டாக்டரைத் தேடாதீர்கள், அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள்.

பாட்டிக்குக் கேட்கிறதா?

வயதானவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். அதனால் தாத்தாவின் கட்டைக்குரல் கேட்கும், பேத்தியின் பேச்சு கலங்கலாக விழும். ச, த, ப எல்லாம் நழுவிப்போய் உயிரெழுத்து மட்டும் மிஞ்சும். “சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னு புரியலை” என்றால் பாட்டி நடிக்கவில்லை. வேணும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறார் என்று வீட்டில் சிரிப்பார்கள்; பாட்டி சிரிப்பில் கலந்துகொள்ளாமல் அறைக்குள் போய்விடுவார்.

சோதிப்பது இப்படி. டிவியையும் காற்றாடியையும் நிறுத்துங்கள். பாட்டிக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில் நில்லுங்கள், உங்கள் வாய் அவருக்குத் தெரியக்கூடாது. சோதிக்காத காதின் முன்திட்டை விரலால் அழுத்தி வட்டமாகத் தேயுங்கள், அந்தக் காது குறுக்கே வராது. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, மிச்சக் காற்றில், “நாலு, க, ஏழு” என்று நீங்கள் மெதுவாகக் குசுகுசுவென்று சொல்லுங்கள். பாட்டி திருப்பிச் சொல்லட்டும். தவறினால் இன்னொரு மூன்று: “ம, ரெண்டு, ப.” ஆறில் மூன்றுகூடச் சரியாக வராவிட்டால் ஆடியோகிராம் (கேட்கும் திறனைத் தாளில் வரைந்து காட்டும் சோதனை) எடுக்க அழைத்து வாருங்கள். மறுகாதுக்கு வேறு எண், வேறு எழுத்து. மூச்சை விடாமல் குசுகுசுத்தால் குரல் தானாக ஏறிவிடும், எல்லோரும் பாஸாகிவிடுவார்கள்.

மேளமும் மெஷினும்

தைப்பூசம் முடிந்த வாரம் உறுமி மேளக் குழுத் தம்பிகள் ஓரிருவர் வருவார்கள். தண்ணீர்மலைக்குப் போகும் பாதை முழுக்க அடித்திருப்பார்கள். “காதுல பஞ்சு வச்ச மாதிரி இருக்குக்கா, ங்கொய்ங்குது” என்பார்கள். ஓரிரு நாளில் போய்விட்டால் காது எச்சரித்திருக்கிறது என்று அர்த்தம், குணமாகிவிட்டது என்று அல்ல. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்தே நிமிஷம். பஞ்சு எதற்கும் உதவாது. நுரை அடைப்பானை உருட்டி, மடலை மேலே இழுத்துச் செருகினால்தான் உட்காரும்.

பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அண்ணன்மார்களுக்கு: 2019-இல் வந்த சத்த விதிமுறைப்படி நாள் சராசரி 85 டெசிபல்தான் வரம்பு. 82-ஐத் தாண்டினாலே அது அதிகச் சத்தம் என்ற கணக்கில் வரும். மெஷின் சத்தத்தில் ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் வரம்பு தாண்டியிருக்க நல்ல வாய்ப்பு. கம்பெனி எடுக்கும் ஆடியோகிராமின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். சத்தத்தால் போன காதுக்கு சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இழப்பீடு கோரலாம். அப்போது பழைய தாள்தான் பேசும்.

அந்தத் தாளைப் படிப்பது கஷ்டமில்லை. மேலே இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, கட்டை ஒலியிலிருந்து கீச்சொலி. மேலிருந்து கீழாக டெசிபல். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது மோசம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது. 20-க்குள் இருந்தால் நல்லது. 35-ஐத் தாண்டினால் சாதாரணப் பேச்சே சிரமம். கோடு வலப்பக்கம் சரிந்தால் வயசு. 4000-இல் மட்டும் பள்ளம் விழுந்து 8000-இல் ஏறினால் சத்தம். எலும்பு வழிக் குறி மேலேயும் காற்று வழிக் குறி கீழேயும் விலகி நின்றால் அடைப்பு அல்லது நடுக்காது எலும்புக் கோளாறு. இரண்டும் ஒட்டிக்கொண்டு கீழே இருந்தால் நரம்பு. இரண்டு காதுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருந்து காரணம் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ எழுதுவார்கள், நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க.

கிளினிக்குக்கு வரும் நாளில்

காலையில் காதைச் சுத்தம் செய்யாதீர்கள். சீழ் எப்படி இருக்கிறது, என்ன நிறம், என்ன வாடை என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டும். துடைத்துவிட்டு வந்தால் பாதி சாட்சி போய்விடும். ஏற்கனவே போட்ட சொட்டுப் பாட்டிலைக் கொண்டு வாருங்கள், காலியாக இருந்தாலும் சரி. சாப்பிடும் மாத்திரைகளை அப்படியே பையோடு. சில மருந்துகள் காது நரம்பைத் தாக்கும். ஜென்டாமைசின் ஊசி, டிபிக்குப் போடும் சில ஊசிகள், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆடியோகிராம் எடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு கச்சேரியோ கராவோக்கேயோ வேண்டாம். வயதானவரோடு வருகிறவர், கேள்விக்கெல்லாம் தானே முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தால் பெரிய உதவி. நான் கேட்கும் கேள்வி அவருக்கு எப்படிக் காதில் விழுகிறது என்பதிலிருந்தே என் சோதனை தொடங்கிவிடுகிறது.